கல்லுக்கு நடைபாதை! மனிதனுக்கு நடுத்தெரு!

சென்ற மாதம் நமதூர் முனிசிபல் கவுன்சில் கூட்டத்திற்குப் போய், பொதுஜனங்களுக்கென்று சுவரோரமாய்ப் போட்டிருக்கும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். அன்றைய அஜெண்டாவில் கண்ட விஷயங்களில் மூன்று மாத்திரம் நம் வாசகர்கள் கவனிக்கத் தக்கவையாகும். முதலாவது, வாய்க்கால் கரையில் குடியிருக்கும் 64 குடும்பங்களை ஆக்கிரமிப்பு என்று காலி செய்வது. இரண்டாவது, பழைய முனிசிபல் வாசகசாலைக் கட்டடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கடைகளும் கார் நிறுத்தும் இடமும் கட்டுவது. மூன்றாவது, கடைத்தெருவில் நடைபாதையை ஒழுங்கு செய்வது.

முதல் தீர்மானம் நிறைவேற எவ்வளவு நேரம் பிடித்தது என்றால், ப்யூன் டீ கிளாசுகளை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நிறைவேறிவிட்டது. இரண்டாவது தீர்மானம் அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் நிறைவேறிவிட்டது. மூன்றாவது தீர்மானத்துக்கு மாத்திரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விவாதம் நடந்து, கடைசியில் "அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைக்கப்பட்டது" என்று முடிந்தது. இப்படி ஒத்தி வைக்கப்படுவது இது ஐந்தாவது தடவையாகும்.

64 குடும்பங்களின் அடுப்பை அணைப்பதற்கு விவாதம் இல்லை. ஊர் மக்கள் படித்த கட்டடத்தை இடிப்பதற்கு விவாதம் இல்லை. மனிதன் நடக்க ஆறடி வழி விடுவதற்கு மட்டும் இத்தனை விவாதமும் தயக்கமும் எதற்காக என்று வாசகர்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகின்றோம்.

கல் வளர்ந்த கதை

நமதூர் கடைத்தெருவில் ஒரு வேப்பமரம் இருக்கின்றது. சுமார் 15 வருடங்களுக்கு முன் அதன் அடியில் யாரோ ஒருவர் ஒரு கல்லை வைத்து மஞ்சள் பூசினார். அடுத்த ஆடி மாதத்தில் அதற்கு ஒரு சிவப்புத் துணி வந்தது. துணி நனைகிறதே என்று தகரக் கொட்டகை வந்தது. தகரக் கொட்டகைக்குத் திருட்டுப் பயம் என்று இரும்பு கிராதி வந்தது. கிராதி வந்ததும் உண்டியல் வந்தது. உண்டியல் வந்ததும், அதை எண்ணுவதற்கு ஒரு கமிட்டி வந்தது. கமிட்டி வந்ததும் மின்சார இணைப்பும், ஒலிபெருக்கியும், தளத்துக்குப் பளிங்குக் கல்லும், "உபயம்" என்று பேர் பொறித்த பலகைகளும் வந்தன. பிறகு கும்பாபிஷேகம் ஆயிற்று. அதற்குச் சேர்மனே முன்னின்று பரிவட்டம் கட்டிக் கொண்டார். இப்பொழுது கமிட்டியார் போட்டிருக்கும் நோட்டீசில் "பன்னெடுங்காலமாய் எழுந்தருளியிருக்கும்" என்று கண்டிருக்கின்றது. 15 வருடம் எப்படிப் பன்னெடுங்காலமாயிற்று என்று கேட்டால் நாம் நாஸ்திகராகி விடுகின்றோம்.

நம்மைவிடக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டுமானால், அந்தக் கல்லுக்கு எதிரே சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவரைக் கேட்கட்டும். அந்தக் கல் அதற்கு முன் அவர் கடைச் சைக்கிள்களுக்கு முட்டுக் கொடுக்கும் கல்லாய் இருந்தது.

அந்த இடத்தில் நடைபாதையின் அகலம் எட்டடி. அதில் ஏழடியைக் கல் எடுத்துக் கொண்டது. மீதி ஓரடியில் செருப்பு விடுகின்றார்கள். ஆகவே, நடக்கின்றவன் அந்த இடம் வந்ததும் தெருவில் இறங்க வேண்டும். தெருவிலோ லாரியும் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் போகின்றன.

ஒரு சாவு

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலை ஆறு மணிக்கு, தலையில் கீரைக் கட்டோடு அவ்வழியே வந்த ஒரு மூதாட்டி, அந்த இடத்தில் தெருவில் இறங்கினார். லாரி அடித்துப் போட்டது. கீரை தெருவெல்லாம் சிதறிக் கிடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். கமிட்டியைச் சேர்ந்த ஒருவர், "விதி முடிந்தது, என்ன செய்வது?" என்றார். போலீசார் லாரி டிரைவர்மேல் கேஸ் எழுதினார்கள். நடைபாதையை விட்டு அந்த அம்மாள் ஏன் இறங்கினார் என்று ஒருவரும் எழுதவில்லை.

விதி என்ற சொல்லைப்போல் சோம்பேறி அதிகாரிக்கும் அயோக்கியக் கமிட்டிக்கும் உதவி செய்யக் கூடிய சொல் நமது பாஷையில் வேறொன்று இல்லை. சாலைக்கென்று எழுதி வைத்த விதி ஒன்று இருக்கின்றது. இந்திய சாலைக் காங்கிரஸ் என்னும் அமைப்பு 2012ஆம் வருடம் வெளியிட்ட விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில்கூட நடைபாதையில் தடை ஒன்றும் இல்லாமல் 1.8 மீட்டர், அதாவது சுமார் ஆறடி, மனிதன் நடக்க விட்டிருக்க வேண்டும். கடைத்தெருவானால் 2.5 மீட்டர் விடவேண்டும். அந்த விதியை மீறியதால் ஒரு உயிர் போயிற்று. மீறியவர்கள், தலையில் எழுதிய விதியின்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த நாள் பொங்கல் வைத்தார்கள்.

இது ஏதோ நமதூரில் மாத்திரம் நடந்த விஷயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மத்திய சர்க்கார் கணக்குப்படியே 2022ஆம் வருடத்தில் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் மாத்திரம் 32,825 பேர். தமிழ்நாட்டில் மாத்திரம் அந்த வருடம் மாண்டவர்கள் 17,884 பேர். ஒரு வருடத்தில் காலராவிலோ பிளேக்கிலோ இத்தனை பேர் செத்திருந்தால் சர்க்கார் சும்மா இருக்குமா? தெருவில் சாகின்றவன் பெரும்பாலும் காரில்லாதவன் என்பதால்தானே இந்த நிதானம்?

அந்த அம்மாளின் மகன் முனிசிபாலிட்டிக்கு மூன்று மனுக்கள் போட்டார். மூன்றுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில் வந்தது. இப்பொழுது நான்காவதாக ஒரு கடிதம் அவருக்கு வந்திருக்கின்றது. அது அவர் மனுவுக்குப் பதில் அல்ல. வாய்க்கால் கரையில் அவர் குடியிருக்கும் வீடு ஆக்கிரமிப்பு என்றும், 21 நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் வந்த நோட்டீசாகும். ஆம், அந்த 64 குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தாயைக் கொன்ற ஆக்கிரமிப்புக்கு நோட்டீஸ் இல்லை. தாய் வாழ்ந்த குடிசைக்கு நோட்டீஸ்! இதற்குப் பேர் நகர பரிபாலனமாம்!

எது ஆக்கிரமிப்பு?

இரண்டும் புறம்போக்கு நிலந்தான். இரண்டுக்கும் பட்டா இல்லை. ஒன்றில் மனிதன் இருக்கின்றான். மற்றொன்றில் கல் இருக்கின்றது. மனிதன் இருந்தால் அது நீர்நிலை ஆக்கிரமிப்பு. கல் இருந்தால் அது புண்ணிய ஸ்தலம். இந்த வித்தியாசத்தை எந்தச் சட்டப் புஸ்தகத்திலிருந்து எடுத்தார்கள் என்று கேட்கின்றோம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2009ஆம் வருடம் செப்டம்பர் மாதம் 29ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், பொதுத் தெருக்களிலும் பூங்காக்களிலும் பொது இடங்களிலும் கோயில், சர்ச், மசூதி, குருத்துவாரா எதுவும் அனுமதியின்றிக் கட்டக் கூடாது என்று உத்திரவு போட்டார்கள். ஏற்கனவே இருப்பவற்றை ஒவ்வொன்றாய்ப் பரிசீலனை செய்து முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். அப்பொழுது மாகாணங்கள் கொடுத்த கணக்கில் தமிழ்நாட்டின் கணக்கு 77 ஆயிரத்துக்கு மேல் இருந்தது. அதாவது, இந்தக் கோர்ட்டு உத்திரவு வந்த காலத்தையொட்டித்தான் நமதூர் வேப்பமரத்தடிக் கல்லும் முளைத்திருக்கின்றது! சட்டம் டில்லியில் பிறந்த சமயத்தில் சாமி இங்கே பிறந்தது. வளர்ந்தது எது என்பதை வாசகர்களே பார்த்துக் கொள்ளலாம்.

நிற்க. குடிசைக்காரன் விஷயத்தில் சட்டம் என்ன சொல்லுகின்றது? 1985ஆம் வருடம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட்டார், பிழைப்புக்கு உள்ள உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்றார்கள். நடைபாதையில் குடியிருக்க உரிமை உண்டென்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் நோட்டீஸ் கொடுத்து, அவன் சொல்வதைக் கேட்டுத்தான் காலி செய்ய வேண்டும் என்றார்கள். 2014ஆம் வருடத்துத் தெரு வியாபாரிகள் சட்டமோ, வியாபாரிகளைக் கணக்கெடுத்து முடிக்கும்வரை அவர்களைத் துரத்தக் கூடாது என்றும், விற்பனைக் கமிட்டியில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் அவர்களே இருக்க வேண்டும் என்றும் சொல்லுகின்றது. உயிருள்ள மனிதனுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பாதுகாப்பு இவ்வளவு. அதை அவனுக்குக் கொடுக்காமல், சட்டம் கொடுக்காத பாதுகாப்பைக் கல்லுக்குக் கொடுக்கின்றார்கள்.

"நீர்நிலைகளைக் காக்க வேண்டாமா?" என்று சில கனவான்கள் கேட்பார்கள். நன்றாய்க் காக்க வேண்டும். ஆனால் நீர்நிலையைக் கெடுத்தவன் குடிசைக்காரன் மாத்திரந்தானா? சென்னைக்குத் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பல வருடங்களாய்க் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டியது யார்? நகராட்சி நிர்வாகமேயல்லவா? 2015ஆம் வருட வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையில் இருந்த குடும்பங்களை, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, நகரத்தின் நடுவிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டு போனார்கள். அந்த இடமோ அதே சதுப்பு நிலத்தை அடுத்த பள்ளம். 2023 டிசம்பர் புயலில் அங்கேயும் வெள்ளம் சூழ்ந்தது. பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கு மேல். ஏழைகளை மாத்திரம் பொறுக்கியெடுத்து ஒரே இடத்தில் அடுக்கி வைத்துவிட்டு, வேலைக்கு மாத்திரம் பழைய இடத்துக்கே பஸ் பிடித்து வா என்பதுதான் வீட்டு வசதியா? ஊருக்கு வெளியே சேரி என்பது பழைய ஏற்பாடு. அதைக் கீற்றிலிருந்து கான்கிரீட்டுக்கு மாற்றியிருக்கின்றார்கள்.

1970ஆம் வருடம் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்று அதற்கு ஒரு வாசகம் வைத்தார்கள். நமக்கு இறைவனைக் காண்பதில் கவலை இல்லை. ஏழை சிரித்தால் போதும். அப்படியே காண்பதானாலும், ஏழையின் சிரிப்பில் காணவேண்டிய இறைவனை நடைபாதைக் கிராதிக்குள் காண்பதும், சிரிக்க வேண்டிய ஏழையை 12 கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்புவதும், அந்த வாசகத்துக்காவது பொருந்துகின்றதா? நமதூர் 64 குடும்பங்களுக்குக் காட்டியிருக்கும் இடம் சரியாக 12 கிலோமீட்டர் தூரம். அங்கிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கீரைக் கட்டோடு வர பஸ் இல்லை.

எது பழமை?

இனி வாசகசாலை விஷயம். அந்தக் கட்டடத்தின் வாசற்படிக்கு மேலே 1934 என்று கல்லில் வெட்டியிருக்கின்றது. இதை எழுதும் நாம் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். அதற்கு மேல் நாம் கற்றதென்று ஏதாவது இருந்தால், அது அந்த வாசகசாலையின் நீளப் பெஞ்சியில், மளிகைக் கடை வேலை முடிந்து ராத்திரி எட்டரை மணி வரை உட்கார்ந்து படித்ததேயாகும். அங்கே பூணூல் பார்த்துப் பத்திரிகை கொடுக்க மாட்டார்கள். செருப்புத் தைப்பவரும் வக்கீலும் ஒரே பேப்பரை ஆளுக்கொரு தாளாய்ப் பிரித்து வைத்துப் படித்ததை நாம் பார்த்திருக்கின்றோம். இந்த ஊரில் எல்லா ஜாதியாரும் ஒரே பலகையில் உட்கார்ந்த முதல் இடம் அதுதான் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள்.

கூரை ஒழுகுகின்றது என்பது வாஸ்தவம். ஓடு மாற்ற எவ்வளவு செலவாகும் என்று எஸ்டிமேட் கேட்டார்களா? கேட்கவில்லை. "அபாயகரமான கட்டடம்" என்று ஒரு வரி எழுதினார்கள், காரியம் முடிந்தது. 90 வருடத்துக் கட்டடம் அபாயகரமானது. 15 வருடத்துக் கொட்டகை புராதனமானது! இவர்களுக்கு எண்ணத் தெரியாதா அல்லது எண்ண இஷ்டமில்லையா?

பழமை என்றாலே நமக்குப் பகை என்று நமது எதிரிகள் பிரசாரம் செய்கின்றார்கள். அது பொய். பழைய கட்டடமும் கல்வெட்டும் சரித்திரத்துக்குச் சாட்சிகள். எவன் நிலத்தை எவன் பிடுங்கினான், எவனுக்கு வரி, எவனுக்கு இனாம் என்பதெல்லாம் அவற்றிலிருந்துதான் தெரிகின்றன. ஆதலால் அவற்றைக் காப்பதில் பகுத்தறிவுக்காரனுக்குள்ள அக்கறை பக்தனுக்குக்கூடக் கிடையாது. பக்தர்கள் செய்ததென்ன? திருப்பணி என்ற பேரால் பழைய கோயில் சுவர்களில் யந்திரத்தை வைத்து மணலை வீசியடித்து, கல்வெட்டு எழுத்துக்களைத் தேய்த்தார்கள். பழைய சித்திரங்களின்மேல் சுண்ணாம்பும் வர்ணமும் பூசினார்கள். 2017ஆம் வருடம் சென்னை ஐகோர்ட்டு உத்திரவின்பேரில் யுனெஸ்கோ நிபுணர்கள் வந்து பார்த்து, தமிழ்நாட்டுக் கோயில்களில் நடந்த திருப்பணிகளைக் குறைகூறி அறிக்கை கொடுத்தார்கள். உண்மையான பழமை கோயிலுக்குள்ளேயே பாழாகின்றது. பொய்ப் பழமை நடைபாதையில் கும்பாபிஷேகம் செய்து கொள்ளுகின்றது.

சர்க்கார் யோக்கியதையும் இதுதான். 1900ஆம் வருடத்தில் கட்டிய சென்னை மூர் மார்க்கெட் 1985ஆம் வருடம் எரிந்து போயிற்று. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழும்பிற்று. பழைய புஸ்தகக் கடைகளுக்குப் பேர் போன இடம் அது. நம்மைப் போன்ற அரைகுறைப் படிப்புக்காரர்கள் எத்தனை பேர் அங்கே எட்டணாவுக்குப் புஸ்தகம் வாங்கி மனிதரானார்களோ! மவுண்ட் ரோட்டில் 1897இல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006ஆம் வருடம் இடிக்கத் தொடங்கியபோது, சிலர் கோர்ட்டுக்குப் போனபடியால்தான் அது நின்றது. கேட்பதற்கு ஆளிருந்தால் கட்டடம் நிற்கும், ஆளில்லாவிட்டால் இடியும். பழமைக்கு இந்நாட்டில் வேறு இலக்கணம் இல்லை.

நம்மவர்களுக்கும் சேர்த்துத்தான்

இதைக் கண்டு "இந்துக் கோயிலை மாத்திரம் சொல்லுகின்றானே" என்று யாரும் கூச்சல் போட வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நடைபாதையில் இருக்கும் சிலுவைக் கெபியையும், பள்ளிவாசல் தெருவில் சுற்றுச் சுவரை நாலடி வெளியே தள்ளிக் கட்டியிருப்பதையும் சேர்த்துத்தான் சொல்லுகின்றோம். கட்சிக் கொடிக் கம்பங்களையும் சொல்லுகின்றோம். 2025 ஜனவரியில் ஐகோர்ட்டு மதுரைக் கிளையில் பொது இடத்துக் கொடிக் கம்பங்களை எடுக்கச் சொல்லித் தீர்ப்பானபோது, மேடைக்கு மேடை பொதுஜன சேவை பேசுகின்ற கட்சிக்காரர்கள் அதை எதிர்த்து அப்பீலுக்குப் போனார்கள். தலைவர்களின் சிலைகளையும் சொல்லுகின்றோம். பொதுத் தெருவில் வழியை மறித்துச் சிலை வைக்க அனுமதி கொடுக்கக் கூடாதென்று 2013ஆம் வருடமே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. நமது இயக்கத் தோழர்கள் வைத்த சிலையானாலும் சரி, அது ஒரு குருடரையோ, கர்ப்பிணியையோ, பள்ளிக்கூடப் பிள்ளையையோ தெருவில் இறக்கி விடுமானால், அதை முதலில் நகர்த்த வேண்டியவர்கள் நாமேயாவோம். நமது கல்லுக்கு ஒரு நியாயம், அடுத்தவன் கல்லுக்கு ஒரு நியாயம் என்றால், பிறகு நமக்கும் அந்தக் கமிட்டிக்கும் என்ன வித்தியாசம்?

"பக்தர்கள் மனம் புண்படுமே" என்று சேர்மன் அன்று கூட்டத்தில் சொன்னார். புண்படட்டும். புண்பட்ட மனதுக்கு மருந்து உண்டு. லாரிச் சக்கரத்தில் நசுங்கிய மண்டைக்கு மருந்து உண்டா? 2025ஆம் வருடம் மே மாதம் 14ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், தடையில்லாத நடைபாதையில் நடப்பதும் அரசியல் சட்டத்தின் 21வது பிரிவில் கண்ட உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சொல்லியிருக்கின்றார்கள். ஆகவே இது பக்தி விஷயமும் அல்ல, நாஸ்திக விஷயமும் அல்ல. உயிர் விஷயம்.

செய்ய வேண்டியது என்ன?

நாம் பெரிய காரியம் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தே காரியங்கள் கேட்கின்றோம்.

1. ஊரிலுள்ள நடைபாதை ஆக்கிரமிப்புகள் அனைத்தையும், சாமி, கட்சி, கடை, பணக்காரன் வீட்டுப் படிக்கட்டு என்று வித்தியாசம் பாராமல் அளந்து, முனிசிபல் ஆபீஸ் வாசலில் பட்டியல் ஒட்ட வேண்டும்.

2. கடைத்தெருவில் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் ஆறடிக்குக் குறையாத வழி விட வேண்டும். வேப்பமரம் அங்கேயே இருக்கட்டும். மரம் நிழல் தருகின்றது, உண்டியல் வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

3. பிழைப்புக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் வீடு கட்டிச் சாவியைக் கையில் கொடுக்கும்வரை, வாய்க்கால் கரையில் ஒரு குடிசையையும் தொடக் கூடாது.

4. வாசகசாலையை ஓடு மாற்றிக் காக்க வேண்டும். எது பழையது என்பதை எஞ்சினீயரும் சரித்திரம் படித்தவரும் சொல்லட்டும். கமிட்டி நோட்டீஸ் சொல்ல வேண்டாம்.

5. தெருவில் ஒருவர் அடிபட்டுச் செத்தால், டிரைவரை விசாரிப்பதோடு நிற்காமல், அந்த இடத்தில் நடைபாதை இருந்ததா, அதை யார் அடைத்திருந்தார்கள், யார் அனுமதித்தார்கள் என்பதையும் விசாரித்துக் கவுன்சில் கூட்டத்தில் படிக்க வேண்டும். சாலை சரியாயில்லாமல் உயிர் போனால் அதற்குப் பொறுப்பான அதிகாரிக்கும் கண்டிராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போட, 2019ஆம் வருடத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் இடம் இருக்கின்றது.

இவற்றைக் கவுன்சிலர்கள் தாங்களாகவே செய்துவிடுவார்கள் என்று நாம் நம்பவில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலே இல்லாமல் அதிகாரிகள் ஆண்டார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் ஓட்டில்லாமல் போனபோது ஒரு பெரிய கிளர்ச்சியும் செய்யாத ஜனங்களைக் கண்டு எந்தக் கவுன்சிலர் பயப்படுவார்? கல்லுக்குப் பின்னால் நூறு ஓட்டு இருக்கின்றதென்று அவர்களுக்குத் தெரியும். நடக்கின்றவனுக்குப் பின்னால் பத்தாயிரம் ஓட்டு இருப்பது நடக்கின்றவனுக்கே தெரியாது.

ஆகவே, வாசகர்களே, அடுத்த கவுன்சில் கூட்டத்தன்று மேலே சொன்ன பெஞ்சியில் வந்து உட்காருங்கள். சென்ற மாதம் அதில் நாமும், செத்த மூதாட்டியின் மகனும் ஆக இரண்டே பேர் இருந்தோம். மூன்றாவது தீர்மானம் ஒத்தி வைக்கப்பட்டபோது அவர் எழுந்து வெளியே போனார். கடைத்தெரு வழியாய் அவரோடு நாமும் நடந்தோம். வேப்பமரம் வந்ததும் இருவரும் தெருவில் இறங்கித்தான் போனோம்.